எங்கள் வயதுக்காரர்களுக்கும் விளையாட்டு செய்யுங்கள்

சென்னையில் கைப்பேசி விளையாட்டுகளை உருவாக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். தரமணியிலும் சோழிங்கநல்லூரிலும் அலுவலகம் போட்டு வேலை செய்கிறவர்கள், வீட்டு மாடியறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து தனியாளாக ஒரு விளையாட்டை முடிக்கப் பாடுபடுகிறவர்கள், கல்லூரிக் கடைசி வருட புராஜெக்டுக்காக ஒன்றைச் செய்கிறவர்கள் என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நான் பெரம்பூரில் இருக்கிறேன். தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணியார்டர் படிவம் நிரப்பித் தரச் சொல்லி அன்று கவுண்டருக்கு வந்த மாதிரி ஆட்கள்தான் இன்று வீட்டுக்கு வந்து கைப்பேசியை நீட்டி, "இது என்ன கேக்குதுன்னு கொஞ்சம் பாரும்மா" என்கிறார்கள். பாதி நேரம் திரையில் இருப்பது ஏதாவது ஒரு விளையாட்டு.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். நாற்பத்தைந்து, அறுபது, எழுபத்தைந்து வயதில் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து, அவர்களை ஏமாற்றாத விளையாட்டுகளைத் தமிழில் செய்யுங்கள்.

அப்படி யார் விளையாடுகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பெரம்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோ ஓட்டுநர்களைப் பாருங்கள். ஐம்பதைத் தாண்டிய இருவர் ஒரே கைப்பேசியில் மாற்றி மாற்றி லூடோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரவுக் காவலாளி தூக்கம் வராமலிருக்க கேரம் ஆடுகிறார். சென்ட்ரலுக்குப் போகும் ஆவடி ரயிலில், மகளிர் பெட்டியில், காலை நேரத்தில் மிட்டாய் அடுக்கும் விளையாட்டை ஆடிக்கொண்டே வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு முகம் தெரியாத ஆட்களுடன் செஸ் ஆடுகிறார். எதிராளியின் கொடி எந்த நாடு என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். சுடோகு இல்லாமல் காபி குடிக்காதவர்களை எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். அதற்குப் பிறகு அந்தப் பங்கு கூடித்தான் வருகிறது. இவ்வளவு பேர் ஆடியும், இவர்களை நினைத்துச் செய்த விளையாட்டு எதையும் எங்கள் தெருவில் யார் கைப்பேசியிலும் நான் பார்த்ததில்லை.

"இந்த வயசுல என்ன கேம்?" என்ற கேள்வியை வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. நாள் முழுக்க டிவி பார்க்கிறவரை யாரும் இப்படிக் கேட்பதில்லை. எங்கள் பாட்டிமார்கள் தாயம் ஆடினார்கள், திண்ணையில் தாத்தாக்கள் சீட்டு ஆடினார்கள், யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி 1930இல் பிறந்தவர். தான் வீடியோ கேம் ஆடுவதை யூடியூபில் போட்டு, உலகிலேயே வயதான கேமிங் யூடியூபர் என்று 2020இல் கின்னஸ் சாதனை பெற்றார். நம் வீட்டு அம்மாக்கள் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்து ஆடுகிறார்கள். அது மாற வேண்டுமானால் முதலில் அவர்கள் கையில் இருக்கும் விளையாட்டு யோக்கியமானதாக இருக்க வேண்டும்.

பண விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஆன்லைன் ரம்மியால் தமிழ்நாட்டில் எத்தனை குடும்பங்கள் நொந்தன என்று உங்களுக்கே தெரியும். அதில் மாட்டியவர்கள் எல்லோரும் சின்னப் பையன்கள் இல்லை. பிள்ளையின் காலேஜ் ஃபீஸை வைத்து ஆடிய தகப்பன்மாரும் இருந்தார்கள். ஆன்லைன் சூதாட்டத்தை ஆராய அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2022ஆம் ஆண்டுச் சட்டம், உயர் நீதிமன்ற வழக்குகள், நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண விளையாட்டுக்குத் தடை என்று மாநில அரசு படிப்படியாகப் போராடியது. கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்து சட்டம் இயற்றியது. அப்படி ஒன்றை நடத்தினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடியவருக்குத் தண்டனை இல்லை. இது நல்ல சட்டம் என்பது என் கருத்து. அதே சட்டம், பந்தயம் இல்லாத, பொழுதுபோக்குக்கும் அறிவுக்குமான விளையாட்டுகளை ஊக்குவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. சந்தா வாங்கவும் அனுமதிக்கிறது. அதாவது உங்களுக்கு வழி திறந்திருக்கிறது.

ஆனால் பந்தயம் போனதோடு பணம் போவது நிற்கவில்லை. எங்கள் குடியிருப்பில் ஓர் அம்மா, கணவர் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். குடும்ப ஓய்வூதியம்தான் வருமானம். 'இலவசம்' என்று போட்டிருந்த ஒரு விளையாட்டை ஆடிவந்தார். ஐந்து 'உயிர்', அதாவது ஆடக் கிடைக்கும் ஐந்து வாய்ப்பு, தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். பேரன் முன்னொரு தடவை தன் வசதிக்காக அந்தக் கைப்பேசியில் பணம் கட்டும் முறையைச் சேமித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். இவருக்கு அது தெரியாது. பச்சைப் பட்டனைத் தொட்டால் ஆட்டம் தொடரும் என்பது மட்டும் தெரியும். மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைப் பார்த்த மகன் சத்தம் போட்டார். அந்த அம்மா விளையாட்டை மட்டுமல்ல, கைப்பேசியையே தொடாமல் விட்டுவிட்டார். வாட்ஸாப்பில் தங்கையோடு பேசுவதும் நின்றுபோனது. போன தொகை பெரிதில்லை. அந்த வயதில் எல்லோர் முன்னாலும் முட்டாள் ஆக்கப்பட்டதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

தம்பி, அந்தப் பட்டனுக்குப் பச்சை நிறம் கொடுத்ததும், 'வேண்டாம்' என்பதை வெளிறிய சாம்பல் நிறத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைத்ததும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எடுத்த முடிவு. அதற்கு இப்போது சட்டத்திலேயே பெயர் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் 'டார்க் பேட்டர்ன்' (பயனரை ஏமாற்றிச் சிக்கவைக்கும் வடிவமைப்பு) பற்றிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. 13 வகையான தந்திரங்களை அது பட்டியல் போட்டுத் தடுக்கிறது. இல்லாத அவசரத்தைக் காட்டுவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சுற்றவிடுவது, விளம்பரத்தை விளம்பரம் என்று தெரியாதபடி ஒளித்துவைப்பது, திரும்பத் திரும்ப நச்சரிப்பது எல்லாம் அதில் உண்டு. எங்கள் வீடுகளில் தினமும் நடப்பது இதுதான். ஆட்டத்துக்கு நடுவே வரும் விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி கடுகளவுதான் இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவர் அதைத் தொடப்போய் விளம்பரத்தையே தொட்டுவிடுகிறார். அது ஒரு கடன் செயலிக்கோ, "உங்கள் போனில் வைரஸ்" என்று பயமுறுத்தும் பக்கத்துக்கோ இழுத்துப் போகிறது. பணம் பறிபோனால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும், நுகர்வோர் புகாருக்கு 1915 என்று தெரிந்தவர்களிடமெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்ள உங்களால்தான் முடியும்.

காசுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உங்களுக்கும் வாடகை இருக்கிறது, சம்பளம் கொடுக்க வேண்டும். நேரடியாகக் கேளுங்கள். இவ்வளவு ரூபாய், ஒரே தடவை, அதற்குமேல் எதுவும் கிடையாது, விளம்பரமும் கிடையாது என்று தமிழில் எழுதிவையுங்கள். எங்கள் தலைமுறை வார இதழுக்கும் பண்டிகை மலருக்கும் காசு கொடுத்து வாங்கிப் பழகியது. விலை தெரிந்தால் கொடுப்போம். தெரியாமல் எடுத்தால்தான் கோபம் வரும்.

அப்புறம் எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு மிகவும் ஆசையான விஷயம் இது. வார இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டிக்காகவே காத்திருந்தவர்கள் நாங்கள். சொல் விளையாட்டு என்றால் உயிர். தமிழில் சில சொல் விளையாட்டுகள் வந்தபோது ஆசையாகப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகளைக் கலைத்துப் போடும் ஆட்டத்தில் கொம்பு தனியாகவும், கால் தனியாகவும், புள்ளிகளால் ஆன வெறும் வட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றன. கணினித் துறையில் இருக்கும் என் அண்ணன் மகள் காரணத்தை விளக்கினாள். கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொக்கு' என்ற மூன்றெழுத்துச் சொல் ஆறு குறியீடுகளாக இருக்கிறது. நிரல் எழுதியவர் ஒவ்வொரு குறியீட்டையும் ஓர் எழுத்தாக எண்ணிவிட்டார், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துத் தமிழ்ச் சொற்களை உள்ளே போட்டால் இப்படித்தான் ஆகும். குறியீடுகளைப் பயனர் கண்ணால் பார்க்கும் எழுத்தாகச் சேர்த்து எண்ணும் வசதி இன்று பல கணினி மொழிகளில் கிடைக்கிறதாம். க்ஷ, ஸ்ரீ மாதிரி ஒன்றிரண்டை மட்டும் தனியாகக் கவனித்தால் போதும் என்றாள். ஒரு நாள் வேலைகூட இல்லையாம். அதைச் செய்யாமல் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டை வெளியிட மனம் எப்படி வருகிறது?

எழுத்தை உள்ளிடும் விதமும் அப்படித்தான். தமிழ் 99 விசைப்பலகையை அரசு 1999இல் தரப்படுத்தியது, நல்ல விஷயம்தான். ஆனால் எங்களில் பலர் எந்த விசைப்பலகையிலும் பழகாதவர்கள். 247 எழுத்தையும் ஒரே திரையில் போட்டால் ஒன்றும் தெரியாது. 'க' என்பதைத் தொட்டதும் க, கா, கி, கீ என்று கௌ வரையும் கூடவே க் என்பதும் விரிந்தால் போதும். ஒன்றாம் வகுப்புச் சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஆடுவார்கள். சொல் பட்டியலையும் அகராதியிலிருந்து அப்படியே கொட்டாதீர்கள். உலக்கை, கூஜா, கொடியடுப்பு, அரிக்கேன், திரிகை இதெல்லாம் இருக்கட்டும். எங்கள் ஊர்ப் பெயர்களும் பழைய சினிமாப் பெயர்களும் இருக்கட்டும். பேத்திக்குத் தெரியாத சொல்லைப் பாட்டியும், பாட்டிக்குத் தெரியாத சொல்லைப் பேத்தியும் கண்டுபிடிக்கிற மாதிரி அமைந்தால் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவார்கள்.

தாயம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் மூன்றும் கைப்பேசியில் வந்திருக்கின்றன. ஆடிப் பார்த்தவர்கள் "என்னமோ சரியில்ல" என்று விட்டுவிடுகிறார்கள். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம், ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு முகம் வெறுமை. இரண்டும் சேர்ந்து பதினாறு விதமாக விழும். அதில் தாயம், அதாவது ஒன்று, விழ இரண்டே வழி. பன்னிரண்டுக்கு ஒரே வழி, இரண்டும் வெறுமையாக விழ வேண்டும். மூன்று விழ நான்கு வழி இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு வாய்ப்புதான் தாயத்துக்கு என்பதால்தான் காய் இறங்கும்போது வீடே கத்துகிறது. இதை விட்டுவிட்டு, எல்லா எண்ணும் சமமாக விழும்படி ஒரு செயலியில் எழுதிவைத்தால் பெயர் தாயமாக இருக்கும், ஆட்டம் தாயமாக இருக்காது. கையால் உருட்டிப் பழகியவர்களுக்கு அது இரண்டே ஆட்டத்தில் தெரிந்துவிடும். அதோடு, இதுவரை விழுந்த எண்களைத் திரையின் ஓரத்தில் காட்டுங்கள். "மிஷின் ஏமாத்துது" என்ற சந்தேகம் எங்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது, கணக்கைக் கண்ணால் பார்த்தால் போய்விடும்.

விதிமுறையும் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வெட்டு வெட்டினால்தான் உள்சுற்றுக்குப் போக முடியும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் மாமியார் வீட்டில் அப்படி இல்லை. பல்லாங்குழியில் குழிக்கு ஐந்து முத்து வைப்பவர்கள் உண்டு, ஆறு வைப்பவர்கள் உண்டு, நாலு சேர்ந்தால் 'பசு' என்று எடுப்பதிலும் சின்னச் சின்ன வேறுபாடு உண்டு. ஆட்டத்தைத் தொடங்கும்போதே "உங்க வீட்ல எப்படி?" என்று கேட்டு அமைத்துக்கொள்ள விடுங்கள்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்கள் அப்பா அம்மாவைப் பார்த்தாலே புரியும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. கண்புரை வந்தால் நீலமும் ஊதாவும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம், ஆகவே நிறத்தை மட்டும் நம்பிக் காயைப் பிரிக்காதீர்கள், வடிவமும் வேறாக இருக்கட்டும். காது மங்கும்போது கீச்சென்ற சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். தொடும் இடம் dp என்ற திரை அலகில் குறைந்தது 48 இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. அதைக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நேரக் கெடுவை நிறுத்திவைக்க ஒரு வசதி வேண்டும். யோசிக்கத் தெரியாததால் தோற்பதில்லை நாங்கள், விரல் மெதுவாகப் போவதால் தோற்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். மறதி நோய் வராது, மூளை இளமையாகும் என்று விளம்பரம் போடாதீர்கள். 2013இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆடம் கஸாலி குழு, 60 முதல் 85 வயதுக்காரர்களை வைத்து, அதற்கென்றே உருவாக்கிய கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றில் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தது. ஒரே நேரத்தில் இரண்டு வேலையைக் கவனிக்கும் திறன் கூடியது, ஆறு மாதம் கழித்தும் அது நிலைத்திருந்தது. நேச்சர் இதழில் அந்த ஆய்வு வந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அது அந்த ஒரு விளையாட்டைப் பற்றியது. கடையில் கிடைக்கும் எல்லா மூளைப் பயிற்சிக்கும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. நிரூபிக்காததை நிரூபித்தது போல விளம்பரம் செய்ததற்காக லுமோசிட்டி நிறுவனம் 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு இருபது லட்சம் டாலர் கட்டியது. நம் வீட்டில் யாராவது பெயர்களை மறக்க ஆரம்பித்தால் போக வேண்டிய இடம் மருத்துவர். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறந்திருக்கிறது. சுடோகு ஆடிக்கொண்டே ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அந்த ஒரு வருடம் திரும்பி வராது.

அளவு மீறி ஆடுகிறவர்களும் எங்களில் இருக்கிறார்கள், அதை மறைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்தால் கை தானாகக் கைப்பேசியைத் தேடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறைச் சேர்த்திருக்கிறது. ஆடுவதை அடக்க முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடமாவது நீடிப்பது என்று அதற்கு வரையறை இருக்கிறது. மதியம் ஒரு மணி நேரம் லூடோ ஆடும் அப்பாவை இதில் சேர்க்கக் கூடாது. ஆனால் "இன்று வராவிட்டால் உங்கள் தொடர் அறுந்துவிடும்" என்று ராத்திரி பதினொன்றரைக்கு மணியடிக்கும் விளையாட்டை நான் மன்னிக்க மாட்டேன். தனியாக இருக்கிறவருக்கு அந்த நாளில் வந்த ஒரே அழைப்பு அதுவாகக்கூட இருக்கலாம். அந்தத் தனிமையை வைத்து வியாபாரம் செய்யாதீர்கள். ஓர் ஆட்டம் முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்காமல் நிற்கட்டும். ராத்திரி பத்துக்கு மேல் காலை ஆறு வரை எந்த அறிவிப்பும் வேண்டாம்.

அந்தத் தனிமைக்கு நீங்கள் செய்யக்கூடிய நல்லதும் ஒன்று உண்டு. பிள்ளைகள் நியூஜெர்சியில் இருக்கிறார்கள். இங்கே சாயங்காலம் ஆறு என்றால் அங்கே காலை, அலுவலகம் கிளம்பும் அவசரம். வீடியோ அழைப்பில் "சாப்டியா, என்ன சமையல்" என்பதற்கு மேல் பேச்சு ஓடுவதில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்காரத் தேவையில்லாத ஆட்டம் ஒன்று செய்யுங்கள். அம்மா பல்லாங்குழியில் ஒரு கை ஆடிவிட்டு வைத்துவிடட்டும், பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் தன் கையை ஆடட்டும். கூடவே பத்து விநாடி குரல் பதிவு ஒன்று அனுப்ப வசதி இருந்தால் போதும். தட்டச்சு வேண்டாம், கணக்கு தொடங்க மின்னஞ்சல் வேண்டாம், முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வரவும் வழி வேண்டாம்.

கடைசியாக ஓர் அழைப்பு. வெளியிடுவதற்கு முன்னால் உங்கள் விளையாட்டை எடுத்துக்கொண்டு பெரம்பூருக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலையில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நாற்பதைத் தாண்டியவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள் என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும். ஐசிஎஃப்காரர் இருப்பார், ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வருவார், அந்த அம்மாவையும் நான் அழைத்து வருகிறேன். யாருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்காதீர்கள். கைப்பேசியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கே விரல் தயங்குகிறது, எதைப் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறார்கள், எந்த இடத்தில் பயந்து திருப்பிக் கொடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்திக்கொண்டு அடுத்த சனிக்கிழமை மறுபடி வாருங்கள். காபியும் சுண்டலும் எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்